கேட்டு வாங்கும் கூலி

தாம்பரம் முடிச்சூர் சாலையில் தையல் கடை வைத்திருப்பவர் கூலியைக் கேட்க வேண்டியதில்லை. தைத்து முடித்த ரவிக்கை அவர் கடையில் தொங்குகிறது. அதை எடுக்க வருகிறவர் பணத்தோடுதான் வருவார். அதே சாலையில் ஏ.சி. பழுதுபார்ப்பவரின் நிலைமை வேறு. அவர் செய்த வேலை வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் மாட்டிக்கிடக்கிறது. கேஸ் நிரப்பி அறை குளிர்ந்துவிட்டால் அவர் கையில் பிடித்துவைத்துக்கொள்ள எதுவும் இல்லை; வாயால் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

இந்த வேறுபாட்டை 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமே அங்கீகரித்திருக்கிறது. ஒருவரிடம் பொருளை ஒப்படைத்து, அதில் உழைப்பையோ திறமையையோ செலுத்தச் சொன்னால், கூலி கைக்கு வரும்வரை அந்தப் பொருளைத் தன்னிடமே வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு என்கிறது அதன் 170-ஆம் பிரிவு. தையல்காரர், கடிகாரம் பழுதுபார்ப்பவர், பைக் மெக்கானிக், செல்போன் சர்வீஸ் கடைக்காரர், சலவைக்காரர் எல்லோருக்கும் பாதுகாப்பு இதுதான். சட்டத்தின் பெயர் தெரியாமலே தலைமுறைகளாக இதைக் கையாண்டு வருகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், சட்டம் படித்த வக்கீலுக்கு இது கிடையாது. கட்டணம் வரவில்லை என்று கட்சிக்காரரின் வழக்குக் கட்டுகளை வக்கீல் பிடித்துவைத்துக்கொள்ள முடியாது, அவை அந்தப் பிரிவு சொல்லும் ‘பொருள்’ அல்ல என்று 2000-ஆம் ஆண்டில் ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரையிலும், கிழக்கே மேடவாக்கம், பள்ளிக்கரணை வரையிலும் பரவிய தென் புறநகரில் பெருகியிருப்பவை ஏ.சி. மெக்கானிக் வகைத் தொழில்கள். ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, கேன்டீன், கல்லூரி பஸ், ஜெனரேட்டர் பராமரிப்பு, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்டுவது, கம்ப்யூட்டர் சர்வீஸ், கணக்கு எழுதுவது: எல்லாமே செய்த கணத்தில் கரைந்துவிடும் வேலைகள். பெருக்கிய தரையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக முடியாது. இவர்களுடைய பணம் ஏன் தாமதமாகிறது, அதற்காக ஏற்பட்ட சட்டங்கள் இங்கே எவ்வளவு தூரம் எட்டுகின்றன என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் ஒன்றை ஒதுக்கிவிடலாம். தனி வீடுகள் இன்று பெரிய பிரச்சினை இல்லை. ‘சார் வந்ததும் தருகிறேன்’ என்ற பதிலுக்கு 2016-ல் வந்த யு.பி.ஐ. ஏறக்குறைய முடிவு கட்டிவிட்டது. சார் அலுவலகத்தில் இருந்தபடியே போடலாம். பணம் விழுந்ததை மெக்கானிக் வாசலில் நின்றபடியே பார்க்கலாம். வீட்டுக்காரர்கள் பேரம் பேசுவார்கள், குறைத்துக் கொடுப்பார்கள், ஆனால் இழுத்தடிப்பது குறைவு. தொண்ணூறு நாள், நூற்றிருபது நாள் என்று இழுப்பவை பெயர்ப் பலகை வைத்த நிறுவனங்கள். வருமானம் நிச்சயமாக இருப்பவர்கள்தான் அதிகம் தாமதிக்கிறார்கள் என்பது முதல் பார்வைக்கு விசித்திரமாகப் படும். கணக்கைப் போட்டுப் பார்த்தால் விசித்திரம் நீங்கிவிடும்.

இந்தப் பகுதியின் பெரிய வாடிக்கையாளர்கள் யார் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1937-ல் சென்னை கிறித்தவக் கல்லூரி நகரத்திலிருந்து தாம்பரத்துக்கு வந்தது. 1984-ல் சானடோரியம் பக்கம் ஏற்றுமதி மண்டலமான மெப்ஸ் அமைந்தது. பிறகு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள், மெட்ரிகுலேஷன் பள்ளிகள், தனியார் மருத்துவமனைகள், ஐ.டி. வளாகங்கள், நூற்றுக்கணக்கில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் வந்தன. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021 நவம்பரில் மாநகராட்சியே உருவாகும் அளவுக்கு ஊர் பெருத்தது. இந்த நிறுவனங்களில் பெரும்பாலானவை பெருக்கவும் துடைக்கவும் காவல் காக்கவும் சொந்த ஆட்களை வைத்துக்கொள்வதில்லை. காண்டிராக்டரிடம் விட்டுவிடுகின்றன.

அப்படி ஒரு காண்டிராக்டரின் மாதக் கணக்கை எழுதிப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை, விகிதங்கள் சட்டப்படியானவை. ஒரு கல்லூரிக்கு இருபது ஹவுஸ்கீப்பிங் ஆட்கள், ஆளுக்கு 15,000 ரூபாய் சம்பளம் என்றால் மூன்று லட்சம். முதலாளி பங்காக பி.எஃப். நிர்வாகச் செலவும் சேர்த்து 13 சதவீதம், 39,000. இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 9,750. ஆகச் செலவு 3,48,750. இதன் மேல் 8 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் ஒப்புக்கொண்டிருந்தால் அவர் வருமானம் 27,900. பில்லின் அடிப்படைத் தொகை 3,76,650. அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 67,797. மொத்தம் 4,44,447 ரூபாய்க்கு மாதக் கடைசியில் பில் போகிறது.

பில் போன பிறகு நடப்பதைக் காலண்டரை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். 7-ஆம் தேதிக்குள் சம்பளம் போட்டாக வேண்டும். 15-ஆம் தேதிக்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்ட வேண்டும். 20-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும், வாடிக்கையாளர் பணம் கொடுத்தாரா என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை, பில் போட்ட தேதியைத்தான் பார்க்கும். பி.எஃப். சலானைக் காட்டினால்தான் பில்லை எடுப்போம் என்று கல்லூரி சொல்லும். அதில் தவறும் இல்லை, காண்டிராக்டர் கட்டாவிட்டால் அந்தப் பொறுப்பு கல்லூரியின் தலையில் விழும். ஆனால் விளைவு ஒன்றுதான்: பில்லின் பயணம் தொடங்குவதற்கு முன்பே 4,16,547 ரூபாய் காண்டிராக்டரின் பையிலிருந்து போய்விடுகிறது. வங்கியில் அடமானம் வைக்கச் சொத்து இல்லாதவர் அதை வெளியில் புரட்டுகிறார். நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி என்றாலே மாதம் 8,300 ஆகிறது. பணம் வர மூன்று மாதமானால் வட்டி ஏறக்குறைய 25,000. அவருடைய 27,900-ல் மிச்சம் இருப்பது மூவாயிரத்துக்கும் குறைவு. அதற்குள் அடுத்த இரண்டு மாதங்களின் பில்களும் சேர்ந்துவிடும். மூன்று மாத நிலுவை நிரந்தரமானால் பன்னிரண்டரை லட்சம் ரூபாய் எப்போதும் வெளியில் நிற்கும்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். மாணவரிடம் கட்டணம் பருவம் தொடங்கும் முன்பே வாங்கப்படுகிறது. வகுப்பறையைப் பெருக்கியவருக்குப் பருவம் பாதி போன பிறகு கொடுக்கப்படுகிறது. இடையில் உள்ள காலம் நிறுவனத்துக்கு வட்டியில்லாக் கடன். அதன் வட்டியைக் கட்டுபவர் காண்டிராக்டர். தாமதத்தை அலட்சியம், நிர்வாகக் கோளாறு என்று பேசுவது எனக்கு அரைகுறையான விளக்கமாகவே தோன்றுகிறது. சில இடங்களில் அது உண்மையாக இருக்கலாம். பல இடங்களில் தாமதம் என்பது மிக மலிவாகக் கிடைக்கும் நடைமுறை மூலதனம். தாமதிப்பதால் தாமதிப்பவருக்கு எந்தச் செலவும் இல்லை.

அப்படியானால் கேட்க வேண்டியதுதானே? கேட்கிறார்கள். அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் கிடைக்கும் பதில்களும் எல்லோருக்கும் தெரிந்தவை. செக் எழுதியாகிவிட்டது, கையெழுத்து ஆகவில்லை. தாளாளர் ஊரில் இல்லை. பில்லில் பி.ஓ. நம்பர் இல்லை, திருத்திக் கொண்டுவாருங்கள். திங்கட்கிழமை வந்து பாருங்கள். இதற்கு மேல் அழுத்திக் கேட்டால் அடுத்த ஆண்டு ஒப்பந்தம் வேறொருவருக்குப் போகும். அந்த வேறொருவர் புதிதாக ஆட்களைக் கூட்டிவர வேண்டிய அவசியமும் இருக்காது. அதே இருபது பேரும் புதிய காண்டிராக்டரின் பெயரில், புதிய சீருடையில் மறுநாள் காலை அதே வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருப்பார்கள். வேலையை நிறுத்துகிறேன் என்ற மிரட்டலுக்கு அதனால்தான் மதிப்பில்லை. கேட்பதற்கு ஒரு விலை இருக்கிறது, அதைக் கேட்பவரே கொடுக்க வேண்டியிருக்கிறது.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சிறுதொழில்களுக்குத் தாமதமாகப் பணம் தருபவர்கள் வட்டி கட்ட வேண்டும் என்று 1993-லேயே தனிச் சட்டம் வந்தது. அதை உள்வாங்கி இன்னும் கூர்மையாக்கியது 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டம். சேவை தருபவரும் இதில் வருவார். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள். ஒப்பந்தத் தாளில் ‘90 நாள் கிரெடிட்’ என்று அச்சடித்திருந்தாலும் சட்டத்தின் முன் 45-க்கு மேல் செல்லாது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 45 அல்ல, 15 நாள்தான். பலரும் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டியாக. 2023 பிப்ரவரியிலிருந்து இரண்டு ஆண்டு வங்கி விகிதம் 6.75 சதவீதமாக இருந்தது. அந்தக் கணக்கில் 20.25 சதவீதம். ஒரு லட்சம் ரூபாய் பாக்கி ஓராண்டில் 22,000 ரூபாய்க்கு மேல் வட்டி ஈட்டும்.

இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது வட்டி விகிதம் அல்ல, கவனிக்கப்படாத இன்னொரு விதி. வேலையில் குறை இருந்தால் வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும். ஆட்சேபிக்காவிட்டால் வேலை முடிந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளப்படும். ஐந்து மாதம் கழித்துப் பணம் கேட்கும்போது ‘அன்றைக்கு வேலை சரியில்லை’ என்று சொல்வது சேவைத் தொழிலில் வழக்கமான தற்காப்பு. கரைந்துபோன வேலையை யார் சரிபார்ப்பது? இந்த விதி அந்த வாயை அடைக்கிறது. ஆனால் வேலை எந்த நாளில் முடிந்தது என்பதற்குத் தாள் வேண்டும். சர்வீஸ் ரிப்போர்ட்டிலும் ஆட்களின் மஸ்டர் ரோலிலும் வாடிக்கையாளர் தரப்புக் கையெழுத்தும் தேதியும் இருக்க வேண்டும். கையெழுத்து வாங்கக் கூச்சப்பட்டவர்களுக்கு இந்தச் சட்டம் பாதி செத்த சட்டம்.

புகார் கொடுக்க இடமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் சென்னை, திருச்சி, மதுரை, கோவை ஆகிய நான்கு இடங்களில் வசதியாக்க மன்றங்கள் இயங்குகின்றன. 2017 அக்டோபரிலிருந்து சமாதான் இணையதளம் வழியே வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். மன்றம் முதலில் சமரசம் பேசும், முடியாவிட்டால் நடுவராக இருந்து தீர்ப்பளிக்கும். தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக விரும்பும் வாடிக்கையாளர் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு நடுவர் ஷரத்து இருந்தாலும் இந்த மன்றத்தின் வழிக்கே முன்னுரிமை என்று 2022 அக்டோபரில் மகாகாளி ஃபுட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. தாளில் பார்த்தால் உலகத்திலேயே கடுமையான சட்டங்களில் ஒன்று.

நடைமுறையில் அதன் பற்கள் தேய்ந்துவிடுகின்றன. 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், வக்கீல் வைத்துக்கொள்ள வசதியுள்ள தரப்பு கேள்விகளை எழுப்பிக்கொண்டே போகலாம். ஒப்பந்தம் போட்ட பிறகு பதிவு செய்துகொண்டவர் மன்றத்துக்கு வரலாமா என்ற கேள்வியை 2025 ஜனவரியில் என்.பி.சி.சி. வழக்கில் உச்ச நீதிமன்றம் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. அதே மாதம், தமிழ்நாடு அரசின் சிமென்ட்ஸ் கழகம் தொடர்பான வழக்கில், மன்றத்தின் உத்தரவை எதிர்த்து நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் போட முடியுமா என்ற கேள்வியும் பெரிய அமர்வுக்குப் போனது. முடியும் என்றால் 75 சதவீதம் கட்டாமலே நழுவ ஒரு பக்கவாட்டு வாசல் திறக்கும். சிறு தொழில்காரர் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்றே ஒன்று: குறு, சிறு தொழிலாகப் பதிந்துகொள்ளும் உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் போதும், முதல் ஒப்பந்தத்துக்கு முன்பே செய்துவிடுவது நல்லது.

இதற்கெல்லாம் மேலான சிக்கல் மன்றத்தின் கதவைத் தட்டுவதும் கேட்பதுதான் என்பது. அதுவும் மிக உரக்கக் கேட்பது. அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் குரலை உயர்த்தத் தயங்குகிறவர் அரசு மன்றத்தில் மனுப் போடுவாரா? ஒப்பந்தம் கைவிட்டுப் போய், இனி இழக்க ஒன்றுமில்லை என்றான பிறகுதான் போவார். கடன் அன்பை முறிக்கும் என்று எழுதிவைத்த மளிகைக்கடைக்காரருக்கு இது தெரிந்திருக்கிறது.

இது நம் ஊர்க் குறை மட்டும் அல்ல. பிரிட்டனில் 1998 முதல், வணிகக் கடன் தாமதமானால் இங்கிலாந்து வங்கியின் விகிதத்துக்கு மேல் 8 சதவீதம் வட்டி கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2011-ல் பிறப்பித்த வழிகாட்டி ஆணை அதே 8 சதவீதத்தோடு, வசூல் செலவுக்கென்று குறைந்தது 40 யூரோவும் கேட்க உரிமை தந்தது. அங்கேயும் சிறிய நிறுவனங்கள் பெரிய வாடிக்கையாளரிடம் அந்த உரிமையைப் பயன்படுத்தத் தயங்கின. 2023 செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையம் முன்வைத்த புதிய திட்டத்தில் வட்டி தானாகவே சேர வேண்டும், கடன் கொடுத்தவர் கேட்கத் தேவையில்லை என்று எழுதினார்கள். முப்பது நாள் உச்சவரம்பு என்ற பகுதிக்கு உறுப்பு நாடுகளிடையே பலத்த எதிர்ப்பு. ஆனால் நோயைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

இந்தியா அதே மருந்தை வேறு பாத்திரத்தில் ஊற்றியது. 2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பகுதியைச் சேர்த்தது. 2024 ஏப்ரல் 1 முதல் அமல். குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டியதை 45 அல்லது 15 நாள் கெடுவுக்குள் தராவிட்டால், தரும் ஆண்டில்தான் அது செலவாக ஏற்கப்படும். நம் காண்டிராக்டரின் வாடிக்கையாளர் கல்லூரியாக இல்லாமல் ஒரு கம்பெனியாக இருந்து, மார்ச் 31 அன்று கெடு தாண்டிய ஒரு மாத பில் நிலுவையில் இருந்தால், 22 சதவீத விகிதத்தில் வரி கட்டும் அந்தக் கம்பெனி அவ்வாண்டு சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து ஏறக்குறைய 95,000 ரூபாய் கூடுதல் வரி கட்ட வேண்டியிருக்கும். பின்னால் பணம் கொடுக்கும் ஆண்டில் அது சரியாகிவிடும் என்றாலும் ஓராண்டுக்கு வலி உண்டு. கவனிக்க வேண்டியது, காண்டிராக்டர் எதையும் கேட்கவில்லை. கம்பெனியின் ஆடிட்டரே கேட்பார். பில்லில் உத்யம் எண்ணை அச்சிட்டிருந்தால் போதும்.

வந்த வேகத்தில் எதிர்ப்பும் வந்தது. ஒருவருக்கொருவர் நீண்ட கடனில் இயங்கிவந்த ஜவுளி வணிகர்கள் தள்ளிவைக்கக் கேட்டார்கள். பதிவு பெற்றவரிடம் வாங்கமாட்டோம் என்ற பேச்சும் கிளம்பியது. அதைவிட அடிப்படையான ஒரு குறை இதில் உண்டு: இந்த விதி மார்ச்சில் மட்டுமே கடிக்கும். ஏப்ரல் மாத பில்லைப் பத்து மாதம் இழுத்து பிப்ரவரியில் கொடுத்தால், அதே நிதியாண்டு என்பதால் வரியில் ஒரு பைசா நஷ்டமில்லை. ஆண்டுக்கு ஒருமுறை பாக்கியைத் துடைக்க வைக்கும் விதி இது. மாதாமாதம் கொடுக்க வைக்கும் விதி அல்ல.

தென் புறநகருக்கு இதிலும் பெரிய ஓட்டை இருக்கிறது. இங்கே அதிகம் சேவை வாங்குபவர்கள் யார்? கல்லூரிகளும் பள்ளிகளும் பெரும்பாலும் அறக்கட்டளைகள். அவற்றின் கல்வி வருமானத்துக்கு வரிவிலக்கு இருக்கும்போது செலவை ஏற்கவில்லை என்ற தண்டனைக்கு அர்த்தமில்லை. அடுக்குமாடிச் சங்கங்களுக்கும் அப்படியே. இரண்டு, மூன்று கோடிக்குள் விற்பனை காட்டி உத்தேச லாபத்தில் வரி கட்டும் கடைகளும் இந்த வலையில் விழுவதில்லை. ஜி.எஸ்.டி. சட்டத்தில் இன்னொரு கொக்கி இருக்கிறது: பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், வாங்கியவர் எடுத்துக்கொண்ட உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்ப வேண்டும். ஆனால் கல்விக் கட்டணமும் மருத்துவச் சேவையும் ஜி.எஸ்.டி. விலக்குப் பெற்றவை என்பதால் கல்லூரியும் மருத்துவமனையும் அந்த வரவைப் பெரும்பாலும் எடுப்பதே இல்லை. எடுக்காததைத் திருப்பச் சொல்ல முடியாது. ஆக, கேட்காமலே வேலை செய்யும் இந்த விதிகள் ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிக்கும் மெப்ஸ் தொழிற்சாலைக்கும் எட்டும். கேம்ப் ரோடு பள்ளிக்கும் சேலையூர் ஃபிளாட் சங்கத்துக்கும் எட்டாது.

மெப்ஸ் பற்றி ஓர் இடைக்குறிப்பு. அது இன்று சிறப்புப் பொருளாதார மண்டலம். அங்குள்ள தொழிற்சாலையின் அனுமதிக்கப்பட்ட பணிகளுக்குத் தரும் சேவைக்கு ஜி.எஸ்.டி. பூஜ்ய விகிதம். எல்.யு.டி. என்ற உறுதிப் பத்திரத்தை ஆண்டுதோறும் தாக்கல் செய்துவிட்டால் 18 சதவீதத்தை முன்கூட்டிக் கட்டும் சுமை இல்லை. மேலே போட்ட கணக்கில் அந்த 67,797 ரூபாய் அப்படியே குறையும். காவல் தாண்டி உள்ளே போவதும் தாள்களைச் சரிபார்ப்பதும் தொல்லை என்று மெப்ஸ் வேலையைத் தவிர்ப்பவர்கள் இதையும் எடைபோட்டுப் பார்க்கலாம்.

மற்றவர்களுக்குச் சட்டம் செய்யாததை ஒப்பந்தம் செய்ய வேண்டியிருக்கிறது. இதற்கு முன்மாதிரி வெளியூரில் தேட வேண்டாம், ஒவ்வொரு அடுக்குமாடிக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது. அதே சங்கம் லிஃப்ட் கம்பெனிக்கு ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தை முன்பணமாகக் கொடுக்கிறது. தண்ணீர் லாரிக்குச் சம்பு நிறைந்ததும் கொடுக்கிறது. மின்வாரியத்துக்குக் கெடு தவறாமல் கட்டுகிறது. துப்புரவு காண்டிராக்டருக்கு மட்டும் ‘கமிட்டி கூடட்டும்’ என்கிறது. செயலாளர் மாறினால் ‘அது பழைய கமிட்டி கொடுத்த வேலை’ என்பார்கள். லிஃப்ட்காரருக்கும் துப்புரவுக்காரருக்கும் நடுவில் இருப்பது நேர்மை வித்தியாசம் இல்லை. லிஃப்ட் நின்றால் ஐந்தாவது மாடிக்காரர் அன்றைக்கே கத்துவார், மாற்று ஆளும் சுலபத்தில் கிடைக்கமாட்டார்.

துப்புரவுக்காரர் லிஃப்ட்காரர் ஆக முடியாது. ஆனால் அவருக்கும் ஒரு நாள் அந்தப் பலம் இருக்கிறது, வேலை தொடங்குவதற்கு முந்தைய நாள். பழைய ஆள் போய்விட்டார், குப்பை சேர்கிறது, புது ஆள் உடனே வேண்டும் என்ற நிலையில் கேட்கும் ஒரு மாத முன்பணத்தைச் சங்கம் கொடுக்கும். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் கொடுக்காது. நம் வழக்கத்தில் காண்டிராக்டர்தான் கல்லூரிக்கு டெபாசிட் கட்டுகிறார். எதிர்த் திசையில் கேட்டால் தவறு ஒன்றும் இல்லை. விலையை இரண்டாகச் சொல்வது இன்னொரு வழி: 10-ஆம் தேதிக்குள் பணம் வந்தால் இந்த விலை, தாண்டினால் அந்த விலை. அபராத வட்டி என்று எழுதினால் முகம் சுளிக்கும் தாளாளர், முன்கூட்டித் தந்தால் தள்ளுபடி என்றால் கணக்குப் பார்ப்பார். தாமதத்துக்கு விலை வந்துவிடுகிறது, கேட்க வேண்டியதும் இல்லை.

ஒப்பந்தத்தில் பணம் தர வேண்டிய தேதியைத் தெளிவாக எழுதுவதற்கு அதிகம் பேர் அறியாத ஒரு பலன் உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் தொடரும் சேவை, மாதாமாதம் பணம் என்ற ஒப்பந்தத்தை ஜி.எஸ்.டி. சட்டம் ‘தொடர் சேவை’யாகப் பார்க்கிறது. அதில் பில்லைப் பணம் தர வேண்டிய தேதிவரை போடலாம். ஜூலை வேலைக்கு ஆகஸ்ட் 10 என்று தேதி எழுதி அன்று பில் போட்டால், வரி கட்ட வேண்டிய நாள் ஆகஸ்ட் 20-லிருந்து செப்டம்பர் 20-க்குப் போகிறது. நம் காண்டிராக்டருக்கு 67,797 ரூபாய் ஒரு மாதம் கையில் நிற்கும். மாதக் கடைசியிலேயே பில் வேண்டும் என்று அடம்பிடிக்கும் அக்கவுண்டன்டுக்கு வேலைக் கணக்கு மட்டும் அனுப்பலாம். தன் ஆடிட்டரிடம் ஒருமுறை ஒப்பந்தத்தைக் காட்டிவிட்டுச் செய்ய வேண்டியது இது.

பில்லின் பாதையை அறிந்துவைத்திருப்பதும் வேண்டும். யார் சரிபார்க்கிறார், யார் பதிகிறார், யார் கையெழுத்திடுகிறார், வாரத்தில் எந்த நாள் செக் போடுகிறார்கள்? பி.ஓ. எண் இல்லாத பில்லை முதல் மேசையிலேயே திருப்பிவிட்டால் நல்லது. பல இடங்களில் மூன்று வாரம் கழித்துக் கடைசி மேசையில்தான் அது தெரியவரும். செக் கொடுக்கும் வழக்கமுள்ள இடத்தில் செக்கே மேல் என்பவர்களும் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. பணமில்லாமல் திரும்பினால், வங்கியின் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், பணம் தர 15 நாள், அதன் பின் ஒரு மாதத்துக்குள் புகார் என்று மாற்றுமுறை ஆவணங்கள் சட்டத்தின் 138-ஆம் பிரிவின் குற்ற வழக்கு காத்திருக்கிறது. வாய்வார்த்தைப் பாக்கிக்கு அந்தப் பயம் கிடையாது.

எல்லாம் செய்தும் பாக்கி நின்றுவிட்டால் எதிரே வருவது காலம். வேலை செய்ததற்கான பணத்தைக் கேட்டு வழக்குப் போட 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் மூன்று ஆண்டு தருகிறது. உறவு கெடக்கூடாது என்று காத்திருப்பவர்கள் இதைத்தான் கோட்டைவிடுகிறார்கள். வசதியாக்க மன்றத்துக்கும் இது பொருந்துமா என்ற குழப்பத்துக்கு 2025 ஜூலையில் சோனாலி பவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் விடை சொன்னது: காலம் கடந்த பாக்கியையும் சமரசப் பேச்சுக்குக் கொண்டுவரலாம், ஆனால் நடுவர் தீர்ப்பு கிடைக்காது. சமரசத்துக்கு எதிர்த்தரப்பு சம்மதிக்க வேண்டும் என்பதால் அது மறுபடியும் கேட்டு நிற்கும் நிலைதான்.

இதற்கும் சத்தமில்லாத வழி ஒன்று உண்டு. கணக்குகள் தணிக்கையாகும் எந்த நிறுவனத்திலும், மார்ச் 31 அன்று யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற நிலுவை உறுதிக் கடிதத்தை ஆடிட்டர்கள் கேட்பது வழக்கம். அதைக் காண்டிராக்டரே தயாரித்துக் கொடுத்து, கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளலாம். யாரும் இதைப் பணம் கேட்பதாக எடுத்துக்கொள்வதில்லை, அலுவலகச் சம்பிரதாயம் என்றே நினைப்பார்கள். மூன்று ஆண்டு முடிவதற்குள் வாங்கப்பட்ட அந்தக் கடிதம் காலவரையறைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டதாகும். கையெழுத்து விழுந்த தேதியிலிருந்து மூன்று ஆண்டுக் கணக்கு புதிதாகத் தொடங்கும்.